தொண்ணூறு வயது வேட்டி

மாமா,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மணிக்கு மேல் இந்த வீட்டில் விளக்கு எரிந்தால் உங்களுக்கு ஆகாது, தெரியும். பாப்பாவுக்கு இரைப்பு இப்போதுதான் அடங்கியிருக்கிறது. உங்கள் மகன் அவள் பக்கத்தில் ஒரு கையை நீட்டிப் போட்டபடி தூங்குகிறார். என்னால் முடியவில்லை. செல்போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது அடிக்க மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் வாசலில் ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்க, உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும். ஆனாலும் திறந்தேன். அடியில் விரித்திருந்த பேப்பரைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். குப்பென்று மிளகாய் நெடி. நீங்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. துணி ஒன்று இல்லை, நெடி மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று முறை தும்மினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. அதுவும் உங்கள் மேல்.

தொண்ணூற்றொரு வயது வரைக்கும் இருந்தீர்கள். இருந்தீர்கள் என்றால் கட்டிலோடு கட்டிலாக இல்லை. எண்பத்தாறு வயதில் கண்மாய் ஆக்கிரமிப்புக் கேசுக்காகத் தனி ஆளாய் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்து, மறுநாள் விடியும்போது மிளகாய்க் காட்டில் நின்றீர்கள் என்று ஊரே சொல்லும். நான் கல்யாணமாகி வந்தபோது உங்களுக்கு எண்பத்தேழு. உங்கள் மகன் கடைசிப் பிள்ளை, ஐம்பத்தைந்து வயதில் பெற்ற பிள்ளை. கல்யாணத்துக்கு வந்த என் காலேஜ் தோழிகள் உங்களைப் பார்த்துவிட்டு, இவர் மாமனாரா இல்லை மாமனாருக்கு அப்பாவா என்று என் காதில் கேட்டார்கள். நீங்கள் அதற்குள் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைசிக்குப் போய்விட்டீர்கள்.

மூத்த வாக்காளர் என்று கலெக்டர் ஆபீசில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், ஆயுசுக்கு என்ன ரகசியம் என்று நோட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டார். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றேன். நீங்கள் மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னீர்கள்:

"எங்கூடப் பொறந்தது அஞ்சு பேருங்க. ஒரே பானைக் கஞ்சிதான் குடிச்சோம். அஞ்சு பேரும் அறுவதத் தாண்டல. நீங்க அவுகள்ட்டயில்ல கேக்கணும், என்னத்தச் சாப்பிடாம விட்டாகன்னு."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. கேப்பைக் கூழும் கடும் உழைப்பும் என்று போட்டு, பக்கத்தில் உங்கள் படத்தையும் போட்டுவிட்டார். கேப்பைக் கூழ் உங்களுக்கு ஆகவே ஆகாது. அதைப் படித்துக் காட்டியபோது, "பரவால்ல தாயி, கேப்ப விக்கிறவன் நாலு காசு பாக்கட்டும்" என்றீர்கள்.

பேப்பரில் படம் வந்த பிறகு வேட்டி கேட்டு வருகிற கூட்டம் இரண்டு பங்கானது.

நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. பிறந்த பிள்ளைக்கு எடுத்தவுடன் புதுத்துணி போடக் கூடாது. ஆயுசு கண்ட மனிதர் கட்டிப் பழசான வேட்டியைக் கிழித்து அதில்தான் முதலில் சுற்ற வேண்டும். அந்த ஆயுசு பிள்ளைக்கு ஒட்டும். எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அவரவர் வீட்டுக் கிழவரோடு முடிந்துவிடும். பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பதை இந்த வீட்டில்தான் பார்த்தேன். நயினார்கோவிலுக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் அப்படியே ஒரு எட்டு நம் வீட்டுக்கும் வந்துவிடுவார்கள். நீங்கள் யாரையும் இல்லை என்று அனுப்பியதில்லை. ஒரு வேட்டியை நாலாகக் கிழித்து நாலு வீட்டுக்குக் கொடுப்பீர்கள். இருப்பு தீர்ந்தால் கொடியில் காய்வதைக் காட்டிவிடுவீர்கள். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் கேட்காமலே உருவிக்கொண்டு போனதும் உண்டு. ஒருநாள் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்து, வேட்டி எங்கே தாயி என்றீர்கள். போய்விட்டது மாமா என்றேன். "எந்த ஊருக்கு?" என்று கேட்டீர்கள். அன்று முழுக்க உங்கள் மகனுடைய கைலியைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் திரிந்தீர்கள். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். விலங்கியல் படித்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? நான் ஆறு மாதமாக இருந்தபோது ஒரு அம்மா மகளுக்காகத் துணி கேட்டு வந்தாள். நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டு முற்றத்தில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கப் போய்விட்டீர்கள். நான் அவளை உட்காரவைத்து வகுப்பே எடுத்தேன். பழந்துணியில் கிருமி இருக்கும், பச்சைப்பிள்ளைக்குப் புண் வரும், கொதிக்க வைத்துத்தான் எதையும் போட வேண்டும், வேட்டியில் ஆயுசு ஒட்டும் என்பதெல்லாம் சும்மா. என் பிள்ளைக்கு இந்த வேலையே கிடையாது என்றும் சொன்னேன். அந்த அம்மா மடியில் வைத்திருந்த துணியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று எழுந்து போனாள். செதுக்குகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

எட்டாம் மாதத்திலேயே பாப்பா வந்துவிட்டாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், ஒன்றரைக் கிலோ எடையில். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்துவிட்டார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நெஞ்சாங்கூடு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் படித்ததெல்லாம் கழன்று விழுந்துவிட்டது, மாமா. உங்கள் வேட்டி மட்டும்தான் கண்ணுக்கு முன்னால் ஆடியது. வாய்விட்டுக் கேட்க வெட்கம். நல்லவேளையாக எனக்காக எங்கள் அம்மாவும் உங்கள் மூத்த மகளான மதினியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை ஒரே நிமிஷம் வெளியே எடுங்கள், எங்கள் பெரியவர் துணியில் சுற்றிவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸோடு ஒரே சண்டை. தன் முதல் மகனுக்கு உங்கள் வேட்டிதான் என்று மதினி சத்தியம் செய்தார். நர்ஸ் முடியாது என்றாள். பெரியவர் வரட்டும், அவர் சொன்னால் டாக்டரே கேட்பார் என்று எல்லாரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

வந்தீர்கள். மதினியின் பேச்சும் நர்ஸின் பேச்சும் வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் கதவோரம் சற்று நேரம் நின்றீர்கள். பிறகு போய்விட்டு வாரேன் என்று இறங்கிப் போனீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கையில் இருந்த பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து என் கட்டிலில் வைத்தீர்கள். கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"பழந்துணியில கிருமி இருக்கும்னு நீதான தாயி சொன்ன" என்றீர்கள். "புதுசு வாங்கியாந்திருக்கேன்."

அவ்வளவுதான். எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஊருக்கெல்லாம் கிழித்துக் கிழித்துக் கொடுத்தீகளே, சொந்தப் பேத்திக்கு வீம்பு பண்றீகளா என்று மதினி கத்தினார். நீங்கள் எதையும் காதில் வாங்காமல் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டீர்கள். புதுத்துணியைப் பிறந்த பிள்ளைக்குச் சுற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதோடு அந்தப் பேச்சே அடங்கிப் போயிற்று. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். என் வார்த்தையை வைத்தே என்னை அடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எண்பத்தொன்பது வயதில் பதினோரு நாள் அந்த வராந்தாவிலேயே கிடந்தீர்கள், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினீர்கள், டீக்கடையில் வெந்நீர் பிடித்துவந்தீர்கள். எதுவும் என் மனதில் ஏறவில்லை. பாப்பா பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் உங்களோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன். நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஆடு மேய்ந்ததற்காக அடுத்த காட்டுக்காரரோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்தானே நீங்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். நிறைந்த ஆயுசு என்று ஊர் அழவே இல்லை. மேளமும் வெடியும்தான். பேரன்மார் வரிசையாக நெய்ப்பந்தம் பிடித்தார்கள். வெடிப்புகை பாப்பாவுக்கு ஆகவில்லை, இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு அறையில் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தேன். இழுப்பு நின்று வெளியே வந்தபோது உங்கள் பெட்டி திறந்து கிடந்தது. கொடியும் வெறுமை. கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள், ஆளுக்கு ஒரு முழம் கிழித்து மடியில் செருகிக்கொண்டிருந்தார்கள். மதினிதான் பங்கு வைத்தார். நான் போய் நின்றேன். கையை நீட்டவில்லை, நின்றேன். "ஒனக்குத்தான் ஆகாதே" என்று சொல்லிவிட்டுக் கடைசித் துண்டை யாருக்கோ கொடுத்தார். உங்கள் பேத்திக்கு ஒரு நூல் மிஞ்சவில்லை.

ஆனால் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை, மாமா. உயிரோடு இருந்தவர் வேட்டியைவிட இப்படிப் போனவர் வேட்டிக்கு இன்னும் மதிப்பாம். இல்லை என்றால் நம்புவதில்லை. இம்புட்டுப் பெரிய வீட்டில் ஒரு முழத் துணிக்கா பஞ்சம் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ஒருநாள் பாப்பா மடியில் இழுத்துக்கொண்டிருக்கிறாள், வாசலில் ஒருத்தி நகர மாட்டேன் என்கிறாள். உள்ளே போய் உங்கள் மகனுடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து, இதுதான், கொண்டு போங்கள் என்று கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. முதலிலேயே கொதிக்க வைத்துக் காயவைத்து மடித்து வைத்துக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் மகன் கண்டுபிடித்துவிட்டார். "முப்பத்தேழு வயசு ஆயுசத்தான் ஊருக்குப் பங்கு வைக்கிறியா? எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். துணிதானே.

மீன்கார முனியசாமியை உங்களுக்குத் தெரியும். தேவிபட்டினத்திலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன். பெட்டியைத் திறந்ததும், "ஏலே, இந்த மீனு என்னையவிட மூப்பா இருக்கும் போலயே" என்று நீங்கள் வம்புக்கு இழுப்பீர்களே, அவன்தான். போன வாரம் வந்து, தொண்டியில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எட்டாம் மாதம், ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பெரியவர் துணி வேண்டும் என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மடித்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு ஐஸ் பெட்டி இல்லாமல் வந்தான். பிள்ளைக்கு மூச்சு சரியில்லை, உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள், ஆம்புலன்ஸ்கூட நிற்கிறது. ஆனால் அவன் அம்மா விடவில்லை. பெரியவர் வேட்டி பிள்ளைமேல் இருக்கும்போது மதுரை எதற்கு, இங்கே வைத்து ஊசியால் குத்தினது போதும், தொண்டிக்கே தூக்கிக்கொண்டு போவோம் என்று பிடிவாதம். நர்ஸ் அந்தத் துணியை எடுத்துப் போட்டுவிட்டாளாம். அதனால் இன்னொரு துண்டு வாங்கிவரச் சொல்லி இவனை அனுப்பியிருக்கிறார்கள். அது கைக்கு வந்ததும் பிள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். இதையெல்லாம் அவன் மீன் விலை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

சொல்லிவிட்டேன்.

"முனியசாமி, நான் குடுத்தது மாமா வேட்டி இல்லப்பா. எங்க வீட்டுக்காரரோடது."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அதான்" என்றான். "அதான் புள்ளைக்கு ஆகல. நாங்க என்னென்னமோ நெனச்சோம்." பிறகு, "சரிக்கா, போனது போகட்டும். இப்பவாச்சும் பெரியவருத எடுத்துக் குடுங்க."

உண்மையைச் சொன்னால் கண் திறக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. என் உண்மை அவனுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. நுரையீரல் முற்றவில்லை, ஆக்சிஜன் வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மதுரை போய்விடலாம் என்று என்னென்னவோ சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். எல்லாம் சரிக்கா, துணி குடுங்க என்பது மாதிரி. துணி இல்லை என்றேன். நம்பவில்லை. ஒருமுறை ஏமாற்றியவளை எதற்கு நம்புவான்? அப்போதுதான் உள்ளே வந்து உங்கள் பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைக்கலாம் என்று பார்த்தேன். வைத்தாலும் வேறு எங்கேயோ ஒளித்திருக்கிறேன் என்பான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா வந்து முதுகில் சாய்ந்தாள். அவள் மூச்சு விசில் மாதிரி என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

எழுந்து வாசலுக்குப் போனேன்.

"இருக்கு" என்றேன். "ஒரே ஒரு வேட்டி இருக்கு. தரமாட்டேன்."

அவன் அசந்துபோனான்.

"மதுரைக்குக் கொண்டு போங்க. அங்கன வச்சுப் புள்ள தேறி வீட்டுக்கு வரட்டும். வார அன்னைக்கு நானே கொண்டாந்து சுத்துறேன். அதுக்கு முன்னால ஒரு நூல் கெடையாது."

"ஒங்க புள்ளைக்கு எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீக" என்றான்.

"ஆமா. எம்புள்ளைக்குத்தான்."

"பெரியவரு வயித்துல பொறந்திருந்தா இப்படிப் பேச வராது ஒங்களுக்கு."

மொபெட்டைத் திருப்பினான். மதுரைக்குக் கிளம்பினால் போன் போடச் சொல்லிப் பின்னாலேயே ஓடினேன். நம்பர் அவனிடம் இருக்கிறது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நயினார்கோவில் வரைக்கும் பேச்சு போய்விடும். பெரியவர் வேட்டியை வைத்துக்கொண்டு, சாகக் கிடக்கிற பிள்ளைக்குத் தரவில்லை என்று.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும் அங்கேயே நின்றேன். தரமாட்டேன் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு கல் நெஞ்சாக இருந்தது தெரியுமா? அப்படிச் சொன்னால்தான் அந்தப் பிள்ளையை இப்போதைக்கு யாரும் தூக்க மாட்டார்கள், வேறு வழி இல்லை. அப்போதுதான், மாமா, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக் கதவோரத்தில் நீங்கள் நின்றது ஞாபகம் வந்தது. மதினி நர்ஸிடம், ஒரே நிமிஷம் வெளியே எடுங்கள் என்று சண்டை போட்டதை நீங்கள் முழுக்கக் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனீர்கள். நீங்கள் வேட்டியோடு வந்திருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்க வைத்திருப்பார்கள். நானே கெஞ்சியிருப்பேன். நீங்கள் வராமலே இருந்திருந்தாலும் வேறு யாராவது போய் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்து வந்திருப்பார்கள். உங்கள் வாயாலேயே பழசு கிடையாது என்று சொன்ன பிறகு யார் கொண்டுவருவது?

அப்படியா? அதற்குத்தானா?

அல்லது நான் இன்றைக்கு என் மனசை ஆற்றிக்கொள்ள உங்களுக்கு ஒரு நல்ல எண்ணத்தைக் கட்டிவிடுகிறேனா? உண்மையிலேயே என் வாய்த்துடுக்குக்குத் திருப்பிக் கொடுத்தீர்களா? இரண்டும் உங்களுக்கு வரும். அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். இதற்குத்தான் தாயி என்று ஒரு சோற்று வேளையில் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வாய்விட்டுச் சொல்லாத பழியெல்லாம் உங்கள் மேல் போட்டேன், அதையும் சேர்த்துத்தானே எரித்தார்கள். மதினி இன்னும் கல்யாணம் காட்சி என்று எங்கே போனாலும் அந்தத் துண்டுக் கதையைச் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டிருக்கிறேன்.

உங்கள் மகனிடம் சாப்பிடும்போது கேட்டேன். அப்பா அப்படியெல்லாம் யோசிக்கிற ஆளா என்றார். கை கழுவிவிட்டு வந்து, யோசிக்கக்கூடிய ஆள்தான் என்றார். அவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

முனியசாமி போட்ட பழியை நான் வைத்துக்கொள்கிறேன். அது ஒன்றும் பெரிய பாரமாக இல்லை. பிள்ளை தேறி வந்து, துணி எங்கே என்று அவன் அம்மா வந்து நின்றால் எதைக் காட்டுவேன் என்றும் தெரியவில்லை. வரட்டும், நிற்கட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன். அந்த ஆம்புலன்ஸ் இந்நேரம் மதுரையை நெருங்கியிருக்க வேண்டும், கிளம்பியிருந்தால். பயமாக இருக்கிறது. நீங்கள் அந்த வராந்தாவில் பதினோரு நாள் எந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தீர்கள், உங்களுக்கும் இப்படித்தான் பயமாக இருந்ததா என்று கேட்க ஆள் இல்லை.

அந்தத் துண்டை என்ன நினைத்து வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள், மாமா.